மூன்று திட்டும் ஐந்து எஞ்சினும்

எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஐந்து எஞ்சின்கள் நிற்கின்றன. நான்கு கிணற்று ஆயில் எஞ்சின்கள், ஒன்று படகு மோட்டார். பாளையம்பட்டியில் படகு மோட்டார் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தில் நான்கு ஓடும். ஐந்தாவதையும் தை மாதத்துக்குள் ஓட வைத்துவிட வேண்டும் என்று முனைந்திருக்கிறேன். தை மாதம் தோட்டத்தை விற்கிறோம். தம்பிக்கும் எனக்கும் பொதுவான மூன்றே கால் ஏக்கர். சுற்றிலும் மனை போட்டு வீடு வந்துவிட்டது. நடுவில் நாங்கள் மட்டும் காய்ந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாங்குகிறவர் கிணற்றைத் தூர்த்துவிடுவார். எஞ்சின்களை நான் எங்காவது கொண்டுபோகலாம். கிணற்றை யாரும் கொண்டுபோக முடியாது. ஆகவே இரண்டைப் பற்றியும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

முதலில் எஞ்சின் வருவதற்கு முந்தைய காலம். நான் பிறந்தது 1952. எங்கள் கிணற்றில் அப்போது கமலை இறைப்புத்தான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கூனை மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். வால்கயிற்றை விட்டுப் பிடிப்பதில்தான் வேலையின் நுணுக்கம். மாடுகள் பின்னுக்கு நடந்து மேலேறினால் அடுத்த கூனை. விடிவதற்கு முன் ஆரம்பித்து வெயில் ஏறும் வரை அப்பா இறைப்பார். மறுபடி சாயங்காலம். இத்தனை இறைத்தும் அரை ஏக்கர் நனைவது பெரும்பாடு. கரிசல் வெடித்து நிற்கும் கோடையில் வெங்காயத்தையும் மிளகாயையும் காப்பாற்ற மாடும் மனிதனும் ஒன்றாகத் தேய்ந்தார்கள்.

1964-இல் அப்பா ஆயில் எஞ்சின் வாங்கினார். நில அடமான பாங்கில் கடன், போதாததற்கு அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி. மதுரையில் இருந்து லாரியில் வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட், இரண்டு பக்கமும் என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு இரும்புச் சக்கரம். ஆறு குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு 650 சுற்று. ராஜ்கோட்டில் வார்த்தது. எல்லோரும் அதை லிஸ்டர் என்றுதான் சொன்னார்கள்.

அசல் லிஸ்டர் இங்கிலாந்துக்காரன் தயாரிப்பு. குளோஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். ரக எஞ்சின் அது. ஒற்றை சிலிண்டர், நாலரை அங்குல போர், ஐந்தரை அங்குல ஸ்ட்ரோக். எதையும் அவசரப்பட்டுச் செய்யாத எஞ்சின். சுற்று குறைவு என்பதால் தேய்மானம் குறைவு. உடைந்தால் ஊர் லேத்துப் பட்டறையிலேயே சரிசெய்யும் அளவுக்கு எளிமையான அமைப்பு. அதைப் பார்த்து ராஜ்கோட்டின் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளின. இங்கிலாந்தில் 1987-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. ராஜ்கோட்டில் அதற்குப் பிறகும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான லைனரும் பிஸ்டனும் ரிங்கும் இன்றைக்கும் அங்கிருந்து பார்சலில் வருகின்றன. என்னைப் போன்றவர்கள் பிழைப்பது அதனால்தான்.

எஞ்சின் வந்த நாளில் ஊரே கூடியது. ஆனால் அதைக் கிணற்று மேட்டில் வைத்து ஓட்டியதாக நினைத்துவிடாதீர்கள். அதைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். சின்ன வயதில் எனக்கு இது புரியவே இல்லை. இவ்வளவு கனமான சாமானை ஏன் உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும்?

காரணம் காற்று. எஞ்சினோடு பெல்ட்டில் ஓடுகிற பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பம்ப் குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்று தண்ணீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது. காற்றின் பலத்துக்கு ஒரு எல்லை உண்டு. கணக்குப்படி 34 அடி. குழாய் உரசல், கசிவு எல்லாம் போக நடைமுறையில் 20, மிஞ்சினால் 25 அடி. அதற்கு மேல் ஆறு குதிரை அல்ல, அறுபது குதிரை எஞ்சின் போட்டாலும் தண்ணீர் ஏறாது. ஆகவே தண்ணீர் ஆழத்தில் இருந்தால் பம்ப் அதைத் தேடி இறங்கியாக வேண்டும். எஞ்சினை மேலே வைத்து, நீளமான பெல்ட் போட்டுப் பம்பை மட்டும் கீழே வைத்தவர்களும் உண்டு. பெல்ட் நழுவும், அறுந்து ஆளை அடிக்கும். எங்கள் பக்கத்தில் பலரும் எஞ்சினையே இறக்கினார்கள்.

கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து எஞ்சின் நிற்கும் அளவுக்கு ஒரு மேடை. அதைத்தான் திட்டு என்போம். மூன்று மரங்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி, சக்கரங்களைக் கழற்றித் தனியாகவும் உடலைத் தனியாகவும் இறக்குவார்கள். முந்நூறு கிலோவுக்கு மேல் கனம். ஆறு பேர் வடத்தைப் பிடிக்க, ஒருவர் கிணற்றுக்குள் நின்று குரல் கொடுப்பார்.

எங்கள் கிணற்றில் மூன்று திட்டுகள் இருக்கின்றன. முதல் திட்டு தரையில் இருந்து 12 அடியில். 1964-இல் வெட்டியது. கிணறு அப்போது 42 அடி. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்துவிட்டால் தண்ணீர் திட்டு வரை ஏறும், எஞ்சினை மேலே தூக்க வேண்டியிருக்கும். அதை ஒரு தொல்லையாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்பேர்ப்பட்ட செல்வம் என்று இப்போது தெரிகிறது.

இரண்டாவது திட்டு 27 அடியில். 1972-இல் கிணற்றை 50 அடிக்கு வெட்டியபோது செதுக்கியது. மூன்றாவது 41 அடியில், 1979-இல். கிணறு 64 அடி ஆகியிருந்தது. பதினைந்து வருஷத்தில் எஞ்சின் 29 அடி இறங்கியிருக்கிறது. அதே எஞ்சின், அதே பம்ப். இடம் மட்டும்தான் மாறியது. அக்கம்பக்கத்தில் எத்தனை எஞ்சின் வந்ததோ அத்தனைக்கும் ஏற்றபடி தண்ணீர் கீழே போனது. கமலைக் காலத்தில் மாட்டின் களைப்பு தண்ணீருக்கு ஒரு காவலாக இருந்திருக்கிறது. எஞ்சினுக்குக் களைப்பு கிடையாது. டீசல் இருந்தால் ராத்திரியும் ஓடும். முழுப் பளுவில் மணிக்கு ஒன்றரை லிட்டர் வாக்கில் குடிக்கும், அவ்வளவுதான் செலவு.

எஞ்சினைக் குறை சொல்லவில்லை. அது வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நாலு பேர் படித்தோம். அம்மாவின் சங்கிலி மூன்றே போகத்தில் மீண்டுவந்தது. மல்லிகை போட்டோம். விடியற்காலையில் பறித்த மொட்டு அருப்புக்கோட்டை பூக்கடைக்குப் போய்க் காசாகத் திரும்பும். எல்லாம் அந்த எஞ்சின் கொடுத்ததுதான்.

கிணற்றுக்குள் எஞ்சின் ஓட்டுவதில் உயிர் ஆபத்து உண்டு. புகையை ஒரு நீளக் குழாய் வழியாக மேலே விடுவார்கள். குழாய் இணைப்பு விட்டுப்போனால் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கும். பக்கத்து ஊரில் இப்படி எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மேலே வரவில்லை, அவரைத் தூக்கப் போன தம்பியும் வரவில்லை. அதன் பிறகு எல்லோரும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். விளக்கு அணைந்தால் பிராணவாயு இல்லை என்று அர்த்தம். ஆனால் எஞ்சின் புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இன்றைக்கும் கிணற்றுக்குள் ஜெனரேட்டரோ பம்போ இறக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் எஞ்சினை ஓட்டியவர் ஒரு அண்ணாச்சி. அப்பாவைவிடப் பல வயது இளையவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. திட்டில் உட்கார்ந்தே இருபது வருஷம் வேலை பார்த்ததில் இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி. சத்தம் சுற்றுச்சுவரில் மோதித் திரும்பும் இடத்தில் காது என்னவாகும்? அப்போதெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதைக்கூடக் கேலி செய்வார்கள்.

1985-இல், ராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிந்த அதே வருஷம், எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. மோட்டாரைச் சுவிட்சு போட்டு ஓட்டலாம். அதற்கு முந்தைய வருஷமே சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாகியிருந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. டீசலுக்குக் காசு கொடுத்து யார் எஞ்சின் ஓட்டுவார்கள்? 1987-இல் தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பா எஞ்சினை விற்றார். மானாமதுரைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது போகும்போது அப்பா வீட்டில் இல்லை. வேலை இருக்கிறதென்று திருச்சுழிக்குப் போய்விட்டார்.

மோட்டாரும் நிலைக்கவில்லை. 1991-இல் போர் போட்டோம், 220 அடி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஊரைத் தூங்கவிடாமல் இடித்தது. நீர்மூழ்கி மோட்டாருக்குக் காற்றின் 34 அடி எல்லை கிடையாது, அது உறிஞ்சுவதில்லை. தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று கீழிருந்து மேலே தள்ளுகிறது. எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம் என்று ஆனது. எல்லோரும் போனார்கள். 2003-இல் 450 அடி. 2014-இல் 800 அடி போட்டதில் வெறும் பாறைப் பொடிதான் புகையாக வந்தது. அத்தோடு விவசாயத்தை விட்டோம்.

இதைச் சொல்லாமல் எஞ்சின் சேர்த்த கதையைச் சொன்னால், ஏதோ பொழுதுபோகாத கிழவனின் விளையாட்டு என்று தோன்றும். பாதி அது உண்மைதான்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் மராமத்துப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து 2010-இல் ஓய்வுபெற்றேன். கைக்கு வேலை பழகியவனுக்குச் சும்மா இருப்பதுதான் நோய். மறு வருஷம் விருதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் பழைய வால்வு தேடிப் போனபோது, குவியலுக்கு நடுவில் இரண்டு பெரிய சக்கரம் தெரிந்தது. லிஸ்டர் டைப்பேதான். எங்கள் எஞ்சின் இல்லை. எங்களுடையதில் சக்கரத்தின் ஒரு கை வெடித்து வெல்டிங் வைத்த வடு உண்டு. கடைக்காரர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். உடைத்து உருக்கப் போகிற இரும்பு. நான் மினி லாரி பிடித்தேன்.

வீட்டம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "என்னங்க, இதுக்குச் சோறு போட வேணாமே?"

துருப்பிடித்து இறுகிய எஞ்சினைத் திறப்பது ஒரு தவம். அவசரக்காரனுக்குச் சரிப்படாது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, டீசலையும் பிரேக் ஆயிலையும் கலந்து பிஸ்டன் மேல் ஊற்றி வைத்தேன். தினமும் காலையில் சக்கரத்தை ஒரு அசைப்பு அசைத்துப் பார்ப்பேன். பதினேழு நாள் கல்லுப்போல் நின்றது. பதினெட்டாவது நாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டி இறக்கினேன். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் பிஸ்டன் போய்விடும்.

அடுத்த சோதனை சக்கரச் சாவி. சக்கரத்தைக் கிராங்கில் இறுக்கி வைத்திருக்கும் ஆப்பு போன்ற துண்டு அது. ஐம்பது வருஷமாக உள்ளே இறுகிக் கிடக்கும். சூடு காட்டி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி சூடு காட்டி, இழுப்பான் போட்டு எடுக்க வேண்டும். ஒரு சாவிக்கு எனக்கு நான்கு நாள் ஆனது.

பிக் எண்ட் பேரிங் ஒயிட் மெட்டல். அதில்தான் நான் திணறினேன். மில்லில் நாங்கள் பால் பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டுப் பழகியவர்கள். ஒயிட் மெட்டலைக் கைச்செதுக்கலால் பொருத்துவது வேறு கலை. கிராங்கில் நீலச் சாயத்தைப் பூசி, பேரிங்கை வைத்துச் சுற்றிக் கழற்றினால், எங்கே உயரமோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டியால் முடி அளவு சீவ வேண்டும். மறுபடி பூசு, மறுபடி சுற்று, மறுபடி சீவு. முழுப் பரப்பிலும் நீலம் சீராகப் படரும் வரை.

அண்ணாச்சியைத் தேடிப் போனேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. விஷயத்தைக் காதருகே கத்திச் சொன்னேன்.

"சுரண்டி வச்சிருக்கியா தம்பி?"

"கடையில வாங்கினது இருக்கு அண்ணாச்சி."

"அது ஆவாது. பழைய முக்கோண அரம் ஒண்ணு எடுத்து வை. நாளைக்கு வாரேன்."

தேய்ந்த அரத்தைச் சாணை பிடித்துச் சுரண்டி ஆக்கினார். மூன்று நாள் என் கையைப் பிடித்துப் பழக்கினார். எந்தப் பாலிடெக்னிக்கிலும் அதை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

நாசிலைச் சுத்தம் செய்து, வால்வுகளைப் பேஸ்ட் போட்டு அரைத்து, புதுச் செம்பு கேஸ்கட் வைத்து, 2012 மாசியில் அதைக் கிளப்பினோம். கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. டீகம்ப்ரஷன் நெம்பை தூக்கி வைத்து வால்வைத் திறந்து வைக்க வேண்டும். அப்போது சக்கரம் லேசாகச் சுற்றும். டீசல் நாசிலுக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'க்ரீக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்காமல் எவ்வளவு சுற்றினாலும் வீண். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது மணிக்கட்டு முறியும். வேகம் கூடியதும் நெம்பை விடு. ஒரு உதை, ஒரு கரும்புகை, பிறகு அந்தச் சத்தம்.

டுக்... டுக்... டுக்... டுக்.

அண்ணாச்சிக்குச் சத்தம் கேட்கவில்லை. உள்ளங்கையை எஞ்சின் உடம்பில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "டேப்பெட் ஒண்ணு லூசா இருக்கு தம்பி" என்றார். அளவுத் தகடு போட்டுப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு பீட்டர் டைப், 1500 சுற்றில் ஓடுகிற சின்ன உருவம். லிஸ்டர் யானை நடை என்றால் இது ஓட்டக்காரன். அடுத்தது புனேக்காரர்களின் கிர்லோஸ்கர் ஏவி 1. 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனியின் தயாரிப்பு, ஐந்து குதிரை. பீட்டர் ஏவி 1, கிர்லோஸ்கர் ஏவி 1 இரண்டுக்கும் போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 110 மில்லிமீட்டர். அளந்து பார்த்தபோது அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. நான்காவது டர்ஸ்லி பெயர்ப்பலகையோடு ஒரு அசல் லிஸ்டர். ஒரு பழைய அரிசி ஆலையை இடித்தபோது கிடைத்தது. கம்ப்ரஷனை மாற்றுகிற கைச்சக்கரம் ஹெட்டில் அப்படியே இருக்கிறது. இதுதான் இன்னும் ஓடாதது. எரிபொருள் பம்பில் ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது, ராஜ்கோட்டில் இருந்து வரவேண்டும்.

என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரு செய்தி சொல்வேன். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் எஞ்சின் ஒன்றை 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கடலை விளைகிற நம் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது. பரீட்சிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இன்றைய எண்ணெய் விலைக்கு வீட்டம்மா விடுவதாக இல்லை.

இனி படகு மோட்டார். 2016-இல் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் பழைய சாமான் கடையில் பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஓடும் எட்டுக் குதிரை ஜப்பான் மோட்டார். நாட்டுப்படகின் பின்பக்கம் மாட்டுவார்களே, அது. உப்புத் தின்று மூடியெல்லாம் பொரிந்து கிடந்தது.

படகுக்கு வெளியே தொங்கும் மோட்டாரை வியாபாரமாக்கி வெற்றி கண்டவர் ஓலே எவின்ரூட் என்ற அமெரிக்கர், 1909-இல். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுக் களைத்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் பழைய படகு மோட்டார்களைச் சேர்க்கிறவர்களுக்கு 1965 முதல் ஒரு சங்கமே இருக்கிறது. நம் கடற்கரையில் பழைய மோட்டாரைச் சேர்க்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஓடும் வரை ஓட்டுவார்கள், பிறகு பாகம் பாகமாகக் கழற்றி இன்னொன்றுக்குப் போடுவார்கள். பிழைப்புக்கு ஓட்டுகிறவன் அப்படித்தான் செய்வான்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கார்பன் படிந்து ரிங் ஒட்டியிருந்தது, அது பெரிய வேலை இல்லை. தொல்லை தண்ணீரில்தான். இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. காலடியில் ஒரு ரப்பர் இம்பெல்லர் கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைச் சுற்றி அனுப்பிக் குளிர வைக்கும். வெறும் காற்றில் ஓட்டினால் சற்று நேரத்தில் ரப்பர் கருகிவிடும், எஞ்சினும் சூடேறி இறுகிவிடும். ஆகவே சோதித்துப் பார்க்க ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீர் வேண்டும்.

குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில், இருநூறு லிட்டரை மோட்டாருக்குக் கேட்டால் எந்த வீட்டில் கொடுப்பார்கள்?

"குடிக்கிறதுக்குக் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குறோம். உங்க மோட்டார் குளிக்கணுமாக்கும்?"

நியாயமான கேள்வி. ஐப்பசி மழைக்குக் காத்திருந்தேன். ஓட்டுக் கூரையின் தாழ்வாரத்தில் டிரம்மை வைத்து நிரப்பி, அதில் மோட்டாரை மாட்டி ஓட்டினேன். தண்ணீர் கொதிப்பதுபோல் குதித்துத் தெருவெல்லாம் தெறித்தது. தெருப்பிள்ளைகள் கூச்சல் போட்டு நனைந்தார்கள். ஓடி முடிந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்ததால் மாடுகூடக் குடிக்காது. அதைச் செடிக்கு ஊற்றவும் மனம் வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. என் ஐந்து எஞ்சினும் தண்ணீரை நம்பிப் பிறந்தவை. கிணற்று எஞ்சினுக்கும் அப்படித்தான். பம்பில் தண்ணீர் நிரப்பாமல் அது இழுக்காது. புட் வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைத்து, தண்ணீர் பிடிக்க வைப்போம். இவை எதுவும் பழுதாகி நிற்கவில்லை. பழுதை நான் சரிசெய்துவிடுவேன். தண்ணீர் கீழே போனதால் நின்றவை. அதைச் சரிசெய்ய என் பெட்டியில் சாவி இல்லை.

போன வருஷம் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் பதினைந்து மாணவர்களைக் கூட்டிவந்தார். லிஸ்டரை ஓட்டிக் காட்டினேன். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "சார், இது ஓடுது. இதுல தண்ணி எங்க சார் வரும்?" என்றான். கிணற்றுக்குக் கூட்டிப்போய் மூன்று திட்டுகளையும் காட்டினேன். எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். "மூணாவதுக்குக் கீழ என்ன சார்?" என்று கேட்டான். "அதுக்குக் கீழே எஞ்சின் போகல தம்பி. போர்தான் போச்சு" என்றேன்.

சென்னையில் இருக்கும் மகள், "அப்பா, எல்லாத்தையும் ஒரே ஆளுக்குக் குடுத்துருங்க, உங்களால அலைய முடியாது" என்கிறாள். பழைய இரும்பு வியாபாரி இரண்டு தடவை வந்து எடைக் கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். தம்பி எதுவும் சொல்வதில்லை. பாதி நிலம் அவனுடையது, பிள்ளை படிப்புக்குப் பணம் தேவை. விற்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

முடிவு செய்தது இவ்வளவுதான். பீட்டரும் கிர்லோஸ்கரும் அந்தப் பாலிடெக்னிக்குக்கு. கழற்றி மாட்டிப் படிக்கட்டும். படகு மோட்டார், ராமேஸ்வரம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்குக்கு. கடலுக்குப் பக்கத்தில் இருந்தாலாவது அதற்குத் தண்ணீர் கிடைக்கும். டர்ஸ்லி லிஸ்டர், பம்பு பாகம் வந்து ஓடிய பிறகு, கோயம்புத்தூரில் பழைய எஞ்சின் பிரியர் ஒருவருக்கு. வாங்குகிற எல்லோரிடமும் ஒரே நிபந்தனைதான் போட்டிருக்கிறேன். மாதம் ஒரு தடவை ஓட்ட வேண்டும். ஓடாத எஞ்சின் மறுபடி இரும்பாகிவிடும்.

ராஜ்கோட் லிஸ்டரை மட்டும் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக் கொல்லையில் அதற்கு இடம் பிடித்தாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியின் பேரன் கிணற்றுக்குள் இறங்க, நான் மேலே டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து வருஷத்தைச் சொன்னார். ஒரு பித்தளைத் தகட்டில் அதை எழுத்து வெட்டக் கொடுத்திருக்கிறேன். லிஸ்டரின் அடிக்கட்டையில் அறையப் போகிறேன். தகட்டில் வேறு எதுவும் இல்லை, மூன்று வரிதான்.

1964 - 12 அடி
1972 - 27 அடி
1979 - 41 அடி